லாபம், ரெண்டு, மூணு

ராத்திரி ஒன்பதே காலுக்குத் தென்காசியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஏம்மா, புது டிஸ்க்குக்கு எல்லாத்தையும் காப்பி போட்டேன்ல? நடுவுல என்னவோ பெட்டி பெட்டியா வந்துச்சு. ஸ்கிப், ஸ்கிப்னு தட்டி விட்டுட்டேன். இப்ப எல்லாம் வந்துட்டான்னு எப்படிப் பாக்கது?"

எல்லாம் என்றால் எத்தனை என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. நீள நோட்டில் மாதவாரியாக எழுதிக் கூட்டி வைத்திருக்கிறார்: 12,902 பக்கம். பரணில் கிடந்த மாத இதழ்களை, 1981 முதல் 1991 வரை 132 இதழ்களை, ரிட்டயர் ஆன பிறகு பக்கம் பக்கமாக ஸ்கேனரில் வைத்து எடுத்த மனுஷர் அவர். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். எண் போட்ட சம்புடங்களில் பருப்பு வைக்கிற பெரியம்மாவுக்கு ஏற்ற புருஷன்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. பதினைந்து வருஷமாகக் கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தத் திரையில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எண்ணுவது. ஒரு ஃபோல்டருக்குள் எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர் என்று எண்ணிப் பார்ப்பது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

"பழைய டிஸ்க்கைத் திறந்து, அந்த ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி, டெர்மினலைத் திறங்க பெரியப்பா."

"திறந்துட்டேன். கருப்பா வந்துட்டு."

"இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல ஃபைண்ட்னு அடிங்க. ஒரு இடம் விடுங்க. ஒரு புள்ளி."

"முற்றுப்புள்ளியா?"

"ஆமா. இந்த இடத்துல இருந்து தேடுன்னு அர்த்தம். இடம் விட்டு ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி டைப். மறுபடி இடம் விட்டு எஃப். ஃபைல் மட்டும் போதும், ஃபோல்டர் வேண்டாம்னு சொல்லுதோம். அப்புறம் ஒரு நெட்டுக் கோடு."

"நெட்டுக் கோடா? இத்தன வருஷத்துல இந்தக் கீபோர்டுல அப்படி ஒண்ணை நான் பாத்ததில்லையே."

"எண்டருக்கு மேல இடப்பக்கம் சாஞ்ச ஒரு கோடு இருக்குல்லா? அதை ஷிஃப்ட்டோட சேத்து அமுக்குங்க."

"அட, இங்கதான் கெடந்திருக்கு."

"இப்ப டபிள்யூசி. இடம். சின்னக் கோடு, அதை ஒட்டி எல்."

"எல்லா, ஒண்ணா? ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு."

"எல். லட்டுக்கு வர எல். எண்டர் தட்டுங்க."

ஒரு மூச்சு விடும் நேரம். "பதிமூவாயிரத்து நாப்பத்தேழு" என்றார்.

அதையே புது டிஸ்க்கிலும் செய்யச் சொன்னேன். 13,043. நோட்டில் 12,902.

"மூணும் மூணு கணக்கால்லா இருக்கு" என்று பெரியப்பா உடைந்துபோனார். எனக்கோ தலைகால் புரியவில்லை. மூன்று எண்ணும் ஒன்றாக இருந்திருந்தால் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். எண்ணிக்கை இடிக்கும்போதுதான் ஃபோல்டர் வாயைத் திறந்து பேசவே ஆரம்பிக்கிறது.

அவர் அடித்த அந்த ஒற்றை வரியைப் பற்றி இங்கே கொஞ்சம் உருகிக்கொள்கிறேன். டபிள்யூசி என்பது வார்த்தைகளை எண்ணுவதற்கு வந்த நிரல். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் முர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே, 1971இலேயே அது இருந்தது. எழுதியவர் ஜோ ஒசானா. நெட்டுக் கோட்டுக்குப் பின்னால் டக்ளஸ் மெக்கில்ராய் இருக்கிறார். தோட்டத்துக் குழாயை ஒன்றோடு ஒன்று திருகி நீட்டுகிற மாதிரி நிரல்களையும் ஒன்றோடு ஒன்று இணைக்க வழி வேண்டும் என்று 1964லேயே எழுதிவைத்து, பல வருஷம் விடாமல் நச்சரித்தவர். கடைசியில் 1973இல் கென் தாம்ஸன் ஒரே ராத்திரியில் அதைச் செய்து முடித்தார். ஃபைண்ட் சற்றுப் பின்னால், டிக் ஹெயிட் கையால் வந்து சேர்ந்தது.

இதில் நான் கிறங்கிப்போகிற இடம் ஒன்று உண்டு. ஃபைண்டுக்கு எண்ணத் தெரியாது. கிடைத்த பெயரை எல்லாம் வரிக்கு ஒன்றாக ஒப்பிக்க மட்டும் தெரியும். டபிள்யூசிக்கோ ஃபைல் என்றால் என்ன, ஃபோல்டர் என்றால் என்ன என்றே தெரியாது. வரி முடிகிற குறி எத்தனை என்று மட்டும் பார்க்கும். ஒன்று குருடு, ஒன்று முடம். நடுவில் ஒரு நெட்டுக் கோட்டை நட்டால் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு பதிமூவாயிரம் ஃபைலையும் கண்ணிமைப்பதற்குள் எண்ணிவிடுகின்றன. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஏற்பாடு. அதைத் தென்காசியில் எழுபத்திரண்டு வயது மனுஷர் போனில் கேட்டுக் கேட்டு அடித்தார், முதல் தடவையிலேயே வேலை செய்தது!

இந்தக் கூட்டணிக்குள் ஒரு கள்ளத்தனமும் உண்டு. வரி முடிவைத்தான் எண்ணுகிறது என்றேனே, லினக்ஸில் ஒரு ஃபைலின் பெயருக்குள்ளேயே வரி முடிவை வைக்கலாம். சாய்கோடும், சுழி பைட்டும் மட்டும்தான் ஆகாது. வேறு எதை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். நானே வேண்டுமென்று அப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே ஃபைல், பெயர் இரண்டு வரி, டபிள்யூசி கூசாமல் இரண்டு என்றது. மாற்று வழியைப் படித்த அன்று எழுந்து நின்று கைதட்டினேன். பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? ஃபைலுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். லினக்ஸில் வருகிற ஃபைண்டிடம் பிரின்ட்எஃப் என்று சொல்லி மேற்கோளுக்குள் ஒரு புள்ளியைக் கொடுத்தால், கண்டுபிடிக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகும். டபிள்யூசியிடம் எல்லுக்குப் பதில் சி கொடுத்து அந்தப் புள்ளிகளை எண்ணச் சொன்னால் ஆயிற்று. மார்கழிக் காலையில் வாசலில் புள்ளி வைத்துவிட்டு, கோடு போடாமலே எழுந்து போகிற மாதிரி.

பெரியப்பாவின் ஃபைல்களில் அந்த வில்லங்கம் இல்லை. அடுத்து ஃபோல்டர்களை எண்ணினோம். எஃப் இருந்த இடத்தில் டி போட்டால் போதும்.

"நூத்தி நாப்பத்து நாலு" என்றார். பிறகு வாய்க்குள் கணக்குப் போட்டார். "மாசம் நூத்தி முப்பத்திரண்டு, வருசம் பதினொண்ணு, ஆக நூத்தி நாப்பத்து மூணுல்லா வரணும்? ஒண்ணு கூட இருக்கே."

"நீங்க நிக்க இடத்தையும் சேத்து எண்ணுது பெரியப்பா. அந்த முதல் புள்ளியே ஒரு ஃபோல்டர்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். "களத்துல நெல்லு அளக்கும்போது எங்க அய்யா ஒண்ணுன்னு சொல்ல மாட்டாவ. லாபம்னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு போவாவ. அந்தப் புள்ளிய லாபம்னு வச்சுக்கிடுவோம்."

அன்றிலிருந்து எனக்கும் அது லாபம்தான். ஆபீசில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இப்படியே சொல்கிறேன். ஒரு தடவைக்கு மேல் யாரும் மறந்ததில்லை. வேண்டாதவர்கள் மின்டெப்த் ஒன்று என்று சேர்த்து லாபத்தைக் கழித்துவிடலாம். எனக்கு மனசு வருவதில்லை.

ஃபோல்டர்களை எண்ண இன்னொரு வழி இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வழியில் எதையும் எண்ணவே வேண்டாம். பட்டியல் போடுகிற எல்எஸ்ஸை அடித்து, சின்னக் கோட்டை ஒட்டி எல்டி போட்டு, 1984 என்கிற ஃபோல்டரின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு வரி வந்தது. அதில் இரண்டாவதாக நிற்கிற எண்ணை வாசிக்கச் சொன்னேன். 14. அதில் இரண்டைக் கழித்தால் 12. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம்! அந்த எண் ஒரு ஃபோல்டரை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்கிற கணக்கு. மேலே இருக்கிற ஃபோல்டரில் 1984 என்ற பெயர் ஒன்று. தனக்குள்ளேயே தன்னைக் குறிக்கிற ஒற்றைப் புள்ளி ஒன்று. பிறகு உள்ளே இருக்கிற ஒவ்வொரு பிள்ளை ஃபோல்டரிலும் 'என் தாய்' என்று காட்டுகிற இரட்டைப் புள்ளி ஒன்று. பன்னிரண்டு பிள்ளைகளும் தாயைச் சுட்டுவதால் பதினாலு. பெரியப்பாவின் பழைய டிஸ்க் இஎக்ஸ்டி4 வகை என்பதால் இது பலித்தது. எல்லா வகை டிஸ்க்கிலும் பலிக்காது. பலிக்கிற இடத்தில் இதைவிட அழகான எண்ணிக்கையை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளை எண்ண வேண்டியதில்லை, எத்தனை பேர் அம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் போதும்.

மூன்று எண்ணுக்கு வருகிறேன்.

முதலில் எல்எஸ்ஸை வைத்து ஒரே ஒரு மாதத்தைப் பார்த்தோம். அட்டையோடு சேர்த்து 96 பக்கம் என்கிறது நோட்டு. எல்எஸ், நெட்டுக் கோடு, டபிள்யூசி எல் என்று அடித்தால் 97. எல்எஸ்ஸுக்கு எல் சேர்த்தால் 98. அதற்குப் பதில் ஏ சேர்த்தால் 99. இரண்டையும் சேர்த்தால் நூறு. பெரியப்பா ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, ஏலம் போகிற மாதிரி இருந்தது. எல் போட்டால் தலையில் 'மொத்தம்' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். டபிள்யூசி அதையும் எண்ணிவிடும். ஏ போட்டால் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் வரிசையில் வந்து நிற்கும். ஆக நூறில் மூன்று ஆவி. நான்காவது, அந்த 97ஆவது ஆள் மட்டும் நிஜம்.

எல்எஸ்ஸிடம் எனக்குப் பிடித்த நாசூக்கு ஒன்று. மனுஷக் கண்ணுக்குக் காட்டும்போது பெயர்களைப் பத்தி பத்தியாக அடுக்கும். நெட்டுக் கோட்டுக்குள் ஊற்றும்போது, எதிரே இருப்பது மனுஷர் இல்லை என்று தானே புரிந்துகொண்டு வரிக்கு ஒன்றாகக் கொடுக்கும். யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசுகிற நிரல்!

97ஆவது ஆளைப் பிடிக்க நாலைந்து குழாய்களைச் சேர்த்துத் திருகினேன். எல்லா ஃபைல் பெயர்களையும் ஃபைண்ட் கொட்டட்டும். செட் என்பது ஒவ்வொரு பெயரிலும் கடைசிப் புள்ளி வரைக்கும் நறுக்கி எறிந்துவிட்டு, வாலை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சார்ட் வால்களை வரிசைப்படுத்தட்டும். யூனிக் என்பது அடுத்தடுத்து நிற்கிற ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி, சி என்று கேட்டால் முன்னால் எண்ணையும் எழுதும். அடுத்தடுத்து நின்றால்தான் அதற்குக் கண் தெரியும், அதனால்தான் முன்னால் சார்ட். அந்த நீளக் கட்டளையைப் போனில் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. திரையில் வந்ததோ மூன்றே வரி:

12,904 ஜேபிஜி. 131 டிபி. 12 டிஎஸ் ஸ்டோர்.

பெரியப்பா அந்த மூன்று வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதாமல் அவருக்கு எதுவும் நிகழ்ந்ததாக ஆகாது.

131 சுலபம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய காலத்தில், படம் இருக்கிற ஃபோல்டரைத் தம்ப்நெயில் பார்வையில் திறந்தாலே அது தம்ப்ஸ் டிபி என்று ஒரு ஃபைலைப் போட்டுவிட்டுப் போகும், குட்டிப் படங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்காக. விருந்தாளி வந்து போன வீட்டில் வெற்றிலைக் காம்பு கிடப்பது போல. மாத ஃபோல்டர் 132 ஆயிற்றே, ஒன்று ஏன் குறைகிறது? 1991 டிசம்பரில் மட்டும் இல்லை. கடைசியாக ஸ்கேன் செய்த அந்த இதழை எடுக்கும்போது நான் அவர் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றிவிட்டிருந்தேன்.

12க்கு அண்ணன் பொறுப்பு. பெரியப்பா மகன், பெங்களூரில் பழைய மேக் ஒன்றை வைத்திருக்கிறான். ஒரு வருஷத்து ஃபோல்டரை வாங்கிக்கொண்டு போய், கோணலாக விழுந்திருந்த மலர் அட்டைகளை நேராக்கி, ஜிப் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தான். மாதத்துக்கு ஒன்றாக மேக் தன் குறிப்பு ஃபைலைப் போட்டு வைத்திருந்தது. அதன் பெயர் புள்ளியில் ஆரம்பிப்பதால் சாதாரண எல்எஸ்ஸில் தெரியாது.

புள்ளியில் ஆரம்பித்தால் ஏன் மறைய வேண்டும்? ஆதி யூனிக்ஸில் அந்த ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பட்டியலில் வந்து தொந்தரவு செய்தனவாம். அவற்றை மறைக்க யாரோ ஒருவர் எல்எஸ்ஸில் ஒரு சோதனை வைத்தார்: முதல் எழுத்து புள்ளியா, விட்டுவிடு. முழுப் பெயரையும் பார்த்திருக்க வேண்டும், சோம்பல்பட்டு முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த அவசரத்தால்தான் புள்ளி வைத்த எல்லாப் பெயர்களும் மறைந்துபோயின என்று ராப் பைக் எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க நாம் 'மறைவு ஃபைல்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு குறுக்கு வழியின் மிச்சம். ஃபைண்டுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது, புள்ளியோ கமாவோ எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடும். அதனால்தான் எண்ணுவதற்கு எப்போதும் என் கை ஃபைண்டைத்தான் தேடுகிறது.

131உம் 12உம் சேர்ந்தால் 143. நோட்டைவிட 145 அல்லவா அதிகம்? மீதி இரண்டு. 12,902 பக்கத்துக்கு 12,904 ஜேபிஜி.

இந்த இரண்டு என்னைப் படுத்திய பாடு! மறுநாள் ஞாயிறு, பஸ் ஏறித் தென்காசிக்கே போய்விட்டேன். எந்த மாதம் என்று கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஜனவரியிலும் மே மாதத்திலும் நோட்டைவிட ஒவ்வொன்று கூட. ஜனவரி ஃபோல்டரைத் திறந்தால் 'பொங்கல் மலர்' என்று ஓர் அட்டை, அதன் பக்கத்திலேயே 'பொங்கல் மலர்' என்று இன்னோர் அட்டை. ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில், எழுத்துப் பிசகாமல் இரண்டு ஃபைல். கம்ப்யூட்டரில் அது நடக்கவே கூடாது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒண்ணுதாம்மா ரெண்டாத் தெரியுது எனக்கு" என்றார்.

பெயரைக் கொண்டுபோய் டபிள்யூசியிடமே கொடுத்தேன். 'பொங்கல்' என்கிற சொல்லை மட்டும் வெட்டி, எத்தனை பைட் என்று கேட்டேன். ஒன்றில் 21. இன்னொன்றில் 24.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் கண்ணுக்கு பொ, ங், க, ல் என்று நாலே எழுத்து. யூனிகோடில் ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி என்று ஏழு. தமிழ் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21. ஆனால் அந்த ஒகரக் குறியை எழுத யூனிகோடில் இரண்டு வழி. ஒரே குறியாக வைக்கலாம். அல்லது நாம் கையால் எழுதுகிற மாதிரியே முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். பழைய மேக் டிஸ்க்குகள் பெயர்களைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். அண்ணன் நேராக்கி அனுப்பிய அட்டை எட்டுக் குறிகளோடு, 24 பைட்டோடு வந்து இறங்கியது. லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும். வேறு பைட் என்றால் வேறு ஃபைல். பழைய அட்டையின் மேல் புதியது விழ வேண்டிய இடத்தில், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் திருத்தியது நாலு அட்டை. ஆடி மலரும் தீபாவளி மலரும் ஒழுங்காகப் பழையதின் மேல் விழுந்துவிட்டன, அவற்றின் பெயரில் ஒகரமோ ஓகாரமோ இல்லை. பொங்கலும் கோடையும் மட்டும் இரட்டைப் பிள்ளை ஆயின. கொம்பும் காலும் போட்டு எழுதிப் பழகிய பெரியப்பாவுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்ப அந்த மேக்தான் நம்ம மாதிரி எழுதுது" என்றார்.

புது டிஸ்க்கில் குறைந்த நாலை டிஃப் காட்டிக்கொடுத்தது. இரண்டு டிஸ்க்கிலும் பெயர்ப் பட்டியல் எடுத்து, வரிசைப்படுத்தி, இரண்டையும் மோதவிட்டால் வித்தியாசம் மட்டும் வெளியே வரும். (பட்டியலை எண்ணப்படுகிற ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவைக்காதீர்கள். தேடல் தொடங்குமுன்பே அந்த ஃபைல் பிறந்துவிடுவதால் அதுவும் பட்டியலில் ஏறிவிடும். சொந்த அனுபவம். அரை மணி நேரம் போயிற்று.) நாலும் 1991 டிசம்பர் ஃபைல்கள், நாலின் பெயரிலும் கேள்விக்குறி. கடைசி இதழில் பெரியப்பா கதைத் தலைப்பையே பெயராக வைக்க ஆரம்பித்திருந்தார், துப்பறியும் கதைக்குக் கேள்விக்குறி இல்லாமல் தலைப்பு ஏது! லினக்ஸ் வாங்கிக்கொண்டது. புது டிஸ்க் எக்ஸ்ஃபேட் வகை. அது கேள்விக்குறியைப் பெயரில் ஏற்காது. அந்த நாலு பெட்டிக்குத்தான் அவர் ஸ்கிப் தட்டியிருக்கிறார்.

வேண்டாததை எல்லாம் அழித்தோம். அதற்கும் ஃபைண்ட்தான், வரியின் கடைசியில் டெலீட் என்று சேர்த்தால் போதும். கடைசியில் என்றால் கடைசியில். பெயரைச் சொல்வதற்கு முன்னால் டெலீட் வந்துவிட்டால் பெயரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடும். நான் முதலில் டெலீட் இல்லாமல் ஓட்டி, 131 என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லையே தட்டினேன்.

விண்டோஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே டிஐஆர் கட்டளைக்கு எஸ் சேர்த்தால் கடைசியில் அதுவே கூட்டிச் சொல்லிவிடும். பவர்ஷெல்லில் கெட் சைல்ட்ஐட்டம் என்று ஒன்று நன்றாகவே எண்ணும். நல்லவைதான். எனக்கு அதில் ருசி கம்மி, அவ்வளவுதான்.

டிஎஃப் கட்டளைக்கு ஐ சேர்ப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் முழுக்க எத்தனை ஃபைல் இருக்கிறது என்கிற கணக்கை, ஒன்றையும் நடந்து போய்ப் பார்க்காமல் நொடியில் தரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்று ஒரு சீட்டு வேண்டும். இஎக்ஸ்டி4 டிஸ்க்கை உருவாக்கும்போதே, வேறு எதுவும் சொல்லாவிட்டால் 16 கேபிக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் அடித்து வைத்துவிடும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் 'இடமில்லை' என்று கத்திக்கொண்டிருந்தது; பார்த்தால் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. யாரோ எழுதிய நிரல் துக்கடா துக்கடாவாக லட்சக்கணக்கில் ஃபைல்களைக் கொட்டிச் சீட்டு முழுவதையும் தீர்த்துவிட்டிருந்தது. மண்டபம் காலி, பந்தி இலை தீர்ந்துவிட்டது.

இப்போது பழைய டிஸ்க்கில் 12,902. கேள்விக்குறிகளை எடுத்துவிட்டு மறுபடி காப்பி போட்ட புது டிஸ்க்கிலும் 12,902. நோட்டிலும் 12,902. பெரியம்மா காபி கொண்டுவந்தார். பெரியப்பா நோட்டில் சிவப்பு மையால் டிக் போடப் போனார்.

எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. நடுவில் பின் அடித்த இதழ். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். தடித்த மலர்கள்கூட நாலின் மடங்குதான், சில இதழ்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டேன். அப்படியானால் மொத்தமும் நாலால் வகுபட வேண்டும். 12,902 வகுபடவில்லை. இரண்டு மீதி.

"இருங்க பெரியப்பா, டிக் போடாதீங்க."

ஃபைண்ட் பெயர்களைக் கொட்ட, கட் என்பது சாய்கோட்டில் நறுக்கி வருஷத்தையும் மாதத்தையும் மட்டும் எடுக்க, சார்ட் அடுக்க, யூனிக் எண்ண, கடைசியில் ஆக். அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேர் 1977இல் செய்து, தங்கள் பெயரின் முதலெழுத்துகளையே வைத்த மொழி அது. அதனிடம் நான் சொன்னது இத்தனைதான்: முதல் எண்ணை நாலால் வகு, மீதி இருந்தால் அந்த வரியைக் காட்டு. எண்டர் தட்டினேன். 132 மாதத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. 94, 1986, 09.

நோட்டிலும் செப்டம்பர் 1986க்கு 94 என்றே எழுதியிருந்தார். ஸ்கேனர் தானே வரிசையாக எண் போட்டுவிடுவதால் நடுவில் இடைவெளியே தெரியவில்லை. நோட்டும் டிஸ்க்கும் சேர்ந்தே தப்பு செய்திருந்தன.

பெரியப்பா பரணில் ஏறினார். ஏறாதீங்க என்று பெரியம்மா கத்தினார். இதழ் வந்தது. எப்போதோ மழைக்கு ஒழுகி நடுவில் ஈரம் பட்டிருந்தது. 41ஆம் பக்கத்துக்கு அப்புறம் 44. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரே தாளாக நின்றது. பெரியம்மா இட்லிக் கொப்பரையைத் திறந்து லேசாக ஆவி காட்டினார். பழைய தாளுக்கு இது நல்ல வைத்தியமில்லைதான், ஆனால் அந்த வீட்டில் என் பேச்சு அடுப்படி வரைக்கும் போகாது. தாள் விட்டுக்கொடுத்தது. 42, 43. ஒரு தொடர்கதையின் முடிவு அதில் இருந்ததைப் பெரியப்பா நின்றபடியே படித்து முடித்துவிட்டுத்தான் ஸ்கேனரில் வைத்தார்.

கட்டளையை அவரே அடித்தார். நெட்டுக் கோட்டைத் தேடவில்லை. எண்டர்.

"பன்னெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு" என்று வாசித்துவிட்டு நோட்டைப் புரட்டினார். முந்தின ராத்திரி எழுதிய மூன்று வரிக்கு வந்து விரலை வைத்தார். "ஏம்மா, இந்த நம்பரை நேத்தே அது சொல்லிட்டுல்லா?"

"நேத்துச் சொன்னது வேற ரெண்டு, பெரியப்பா" என்றேன்.